நின்று சொன்ன பதில்

ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த கண்டக்டருக்கு, வயதான காலத்தில், விழாமல் நடமாடுவாரா என்று பார்க்க ஒரு பரீட்சை. நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்ல வேண்டும். தேறினால் தன் வீட்டில் தனியாக இருக்கலாம். தவறினால் மகள் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டடி வைத்தார். நின்றார். "தொண்ணூத்தேழு."

"நிக்காம சொல்லுங்க ஐயா," என்றாள் பிசியோதெரபி பெண்.

நடந்தார். மறுபடியும் நின்றார். "தொண்ணூத்தி நாலு."

"என்னப்பா, அடிக்கு ஒரு ஸ்டாப்பிங்கா?" மகள் சிரிக்கத்தான் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. "அம்மா இருந்தப்ப நடந்துக்கிட்டே ஊர்க்கதை பூரா பேசுவீங்களே!"

பிசியோதெரபி பெண் தாளில் 'தேறவில்லை' என்று எழுதினாள்.

"எழுதிக்கோம்மா," என்றார் அவர். "என்னால முடியும். ஆனா நடக்கறப்ப பேச மாட்டேன். நடக்கிறவங்ககிட்டயும் பேச மாட்டேன்."

"ஏம்ப்பா?"

"உங்கம்மா மாடிப்படி இறங்கிக்கிட்டிருந்தா. டிவி ரிமோட் எங்கேன்னு கீழேருந்து கத்தினேன். பதில் சொல்லத் திரும்பினா. அவ்வளவுதான்."

"தலைசுத்தல்னுதானே சொன்னீங்க!"

அவர் தரையைப் பார்த்தார்.

"ரிமோட் மேலதாம்மா நான் உட்கார்ந்திருந்தேன்."