மூன்றாவது பல்

ஊசி சிவந்துவிட்டது.

வனச்சரகர் அதை இடுக்கியால் பிடித்து, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் இன்னும் கொஞ்சம் காட்டினார். மேசைமேல் மூன்று பற்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றிலும் ஒரு பாய்மரக் கப்பல்.

ஜெசிந்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில், பற்கள் பிடிபட்ட கலைப்பொருள் கடையின் லியோன்.

“உள்ள இறங்குச்சுன்னா பிளாஸ்டிக். இறங்கலைன்னா நிஜத் திமிங்கிலப் பல்லு,” என்றார் வனச்சரகர். “நிஜமா இருந்தா வனவிலங்குச் சட்டத்துல கேசு, ரெண்டு பேரும் இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது.”

முதல் பல்லின் அடியில் ஊசியை வைத்தார்.

இறங்கியது. புகை எழுந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

லியோன் மூச்சு விட்டார்.

அவள் விடவில்லை.

தூத்துக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவள் ஜெசிந்தா. குடத்தில், தாம்பாளத்தில், மற்றவர்களின் பெயர்கள். எட்டு வருடத்துக்கு முன் லியோன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். திமிங்கில வேட்டைக்குப் போன அந்தக் காலத்து மாலுமிகள், வேலையில்லாத மாதங்களில், தாங்கள் கொன்ற விலங்கின் பல்லிலேயே ஊசியால் படம் கீறியிருந்தார்கள். கீறலில் விளக்குக் கரியைத் தேய்த்திருந்தார்கள்.

“இதே மாதிரி ரெசின் பிளாஸ்டிக்ல செஞ்சு தருவியா?”

செய்தாள். கடையில் அவை ‘நகல்’ என்ற சீட்டோடு விற்றன.

ஊசி மறுபடி சுடருக்குப் போனது.

நான்கு மாதத்துக்கு முன் லியோன் ஒரு வெறும் பல்லைக் கொடுத்தார். புது ரெசின், கொஞ்சம் கனமாக இருக்கும் என்றார்.

ரெசினைக் கீறினால் சுருள் சுருளாக வரும். இதில் மாவு வந்தது. பல் டாக்டர் அறையின் வாசனை வந்தது.

முதல் கீறலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் கோடு அப்படி விழுந்தது. மயிரிழை போல, பிசிறில்லாமல், நினைத்த இடத்தில் நின்றது. எவர்சில்வரிலும் ரெசினிலும் ஒருநாளும் விழாத கோடு. ஊசியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பத்தொன்பது நாள் கீறினாள். கப்பலுக்கு முன்னால் வாலைத் தூக்கிய திமிங்கிலம். இரண்டாக உடைந்த படகு. தண்ணீரில் ஆறு பேர்.

ஊசி இரண்டாவது பல்லிலும் இறங்கியது.

வனச்சரகர் மூன்றாவதை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுவும் நீங்க செஞ்சதாம்மா?”

“ஆமா சார்.”

அது பொய்யில்லை.

“அதைக் குத்திர வேண்டாம் சார்,” என்றார் லியோன். குரல் பதறவேயில்லை. “பத்தொன்பது நாள் வேலை. ஒரு ஓட்டை விழுந்தா போச்சு.”

வனச்சரகர் அவளைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். “ரெண்டு பார்த்தாச்சு. பாவம், இது இருக்கட்டும்.”

பல்லை அவள் முன்னால் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்த தாளைத் திருப்பி நகர்த்தினார்.

*மேற்படி மூன்று பொருட்களும் என்னால் ரெசினில் செய்யப்பட்ட நகல்கள்.*

கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவள் பெயர்.

பேனாவை எடுத்தாள்.

கையெழுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் பஸ் ஸ்டாண்ட். மகள் பள்ளிவிட்டு வரும்போது வீடு திறந்திருக்கும். போடாவிட்டால், ஜாமீன் லேசில் கிடைக்காது என்று வரும் வழியில் லியோனே சொல்லியிருந்தார்.

இந்த அலுவலகத்து வாசல் படியில் வைத்து இன்னொன்றும் சொல்லியிருந்தார். காதருகே குனிந்து சொன்னார்.

“இது மட்டும் தாண்டிருச்சுன்னா இன்னும் நாப்பது இருக்கு, ஜெசிந்தா. எல்லாம் இதே ஜாதி. நீ கீறிக் குடு. நகல்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடு. எவனும் கேக்க மாட்டான்.”

நாற்பது.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலது கைவிரல்கள் தாமாக மடங்கின, ஊசியைப் பிடிப்பதுபோல. நாற்பது பல். எத்தனை கப்பல், எத்தனை அலை.

படியில் நின்றபடி தன் கையையே பார்த்தாள். அப்போது பிடித்த பயம்தான் இன்னும் விடவில்லை. போலீசை நினைத்து வந்த பயமில்லை அது.

“எங்க போடணும்னு தெரியலையா?” வனச்சரகர் கோட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். “இங்க.”

லியோன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வனச்சரகர் விளக்கின் மூடியை எடுத்தார். சுடரை மூடக் கையைக் கொண்டுபோனார்.

“சார்.”

அவர் நிமிர்ந்தார்.

“விளக்கு எரியட்டும்.”

அவள் பேனாவைத் தாளின்மேல் வைத்தாள். கனமான அந்தப் பல்லை, இரண்டு கையாலும், அவர் பக்கம் நகர்த்தினாள்.