மூன்று படி ஏறும் நேரம்

காலை 7.12. மூன்றாவது முறை. வண்டியை ஓட்டியவர் டெல்மர் ஹூபர்.

பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் ‘நில்’ பலகையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்போது இரு பக்க வண்டிகளும் நிற்க வேண்டும் என்பது சட்டம். எதிரே வரும் ரொட்டி வேன் நிற்காமல் போகிறது. பேருந்தில் பொருத்திய கேமரா எடுத்த படம். மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் இரண்டு. மூன்றும் கார்வர் சாலையில், ஒரே வீட்டின் முன்னால்.

விசாரணை மே 11, வியாழக்கிழமை, முப்பது மைல் தள்ளி மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. வெறும் அபராதம் என்றால் டெல்மர் கட்டிவிட்டுப் போயிருப்பார். மூன்றாவது உறுதியானால் வேன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ரொட்டிக் கம்பெனி சொல்லியிருந்தது. வேலை தேடி அவர் இந்த ஊருக்கு வந்தே நான்கு மாதம்தான் ஆகிறது.

விசாரணை அதிகாரி ஓடெட் ரேன் படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"ஓட்டறது நீங்கதானே?"

"நான்தான் மேடம். மத்த ஸ்டாப்ல எல்லாம் நான் நிக்கறேனா இல்லையான்னு அதே கேமராவுல பாருங்க."

இந்த இடத்திலும் முதல் சில நாள் நின்றதாக டெல்மர் சொன்னார். பேருந்து நிற்கும், கதவு திறக்கும், கதவு மூடும். ஒரு பிள்ளையும் ஏறியதில்லை. பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோ மட்டும்தான் சிவப்பு விளக்கைப் போடலாம். இல்லாவிட்டால் அபராதம் செல்லாது. அவர் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"சும்மா விளக்கைப் போட்டு ஆள் பிடிக்கறாங்க மேடம். மீனுக்குத் தூண்டில் போடற மாதிரி."

அதே மாதிரி அபராத நோட்டீஸோடு காத்திருந்த பின் வரிசை அதை ரசித்துச் சிரித்தது.

அந்தப் பதினான்காம் எண் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் லைல் பென்ஹாலோவுக்கு அறுபத்தொரு வயது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நிறுத்தம் தன் பட்டியலில் இருக்கிறது என்றார். அங்கே யார் ஏறுகிறார்கள் என்று கேட்டதற்குத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொல்ல வேணாம் மேடம்," என்றார் டெல்மர். "அந்த வீட்டு வாசல்ல தினமும் ஒரு அம்மா நிக்கறாங்க. அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. யாரும் ஏறலன்னு அவங்களே சொல்லுவாங்க."

நியாயமான யோசனை. ஓடெட் பேனாவை எடுத்து வீட்டு எண்ணைக் கேட்டார்.

லைல் எழுந்துவிட்டார்.

"அவங்களைக் கூப்பிட வேணாம் மேடம். நானே சொல்லிடறேன். யாரும் ஏறல."

"எத்தனை நாளா?"

"போன அக்டோபர் ஆறாம் தேதியிலேர்ந்து."

டெல்மர் பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள்.

"அப்புறம் எதுக்கு நிறுத்தறீங்க?"

"அவங்க வெளியே வராங்க மேடம்."

அவர் மெல்லத்தான் சொன்னார். அந்த அம்மா ரொவீனா டட்டனின் மகன் ஜூட், ஆறு வயது. சாலையைக் கடந்துதான் பேருந்துக்கு வர வேண்டும். ஓட்டுநர் கை காட்டும்வரை பிள்ளை அந்தப் பக்கமே நிற்கும், அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். அக்டோபர் ஆறாம் தேதியும் கை காட்டினார். ஒரு கார் நிற்கவில்லை. ஊர்ப் பள்ளிப் பேருந்துகளுக்கெல்லாம் கேமரா வந்தது அதன் பிறகுதான்.

"கை காட்டினது நான்தான் மேடம். அவன் சொன்ன பேச்சு கேக்கற பையன், உடனே வந்தான். இப்பல்லாம் கை காட்டறதில்ல. கதவை மட்டும் திறப்பேன். அவன் மூணு படி ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம். மூடினதும் அவங்க உள்ளே போயிடுவாங்க."

"உங்ககிட்ட ஏதாவது பேசுவாங்களா?"

"இல்ல மேடம். கிறிஸ்துமஸ் லீவுல பஸ் ஓடல. அப்போ மத்தியானம் வரைக்கும் பனியில நின்னாங்கன்னு தபால்காரர் சொன்னாரு."

டெல்மர் எழுந்தார்.

"மேடம், என் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். மூணு தப்பும் என்னோடதுதான்."

"வேலை?"

"பாத்துக்கலாம்."

ஓடெட் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னது பதிவாயிடுச்சு மிஸ்டர் ஹூபர். இனிமே அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல."

மூன்று நோட்டீஸும் தள்ளுபடி. உத்தரவின் நகல் ஒன்று, விதிப்படி, பள்ளி நிர்வாகத்துக்குப் போயிற்று.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் டெல்மர் ஏதோ சொல்ல லைலிடம் போனார். லைல் முந்திக்கொண்டார்.

"வேலை போகலல்ல? நல்லது. குடும்பஸ்தன் நீ."

வெள்ளிக்கிழமை காலை, ஆள் ஏறாத நிறுத்தம் பட்டியலில் இல்லை. பேருந்துக்குள் நிர்வாகத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லைல் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், நிறுத்த முடியவில்லை. ரொவீனா பத்து மணி வரை வாசலில் நின்றாள்.

மே 15, திங்கட்கிழமை, காலை 7.12. கார்வர் சாலையில் அந்த வீட்டுக்கு எதிரே ஒரு ரொட்டி வேன் நான்கு விளக்கும் மினுங்க, ஒரு பையன் மூன்று படி ஏறும் நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.