நெருப்புக் காட்சியில் ஒரு முகம்

"அது அவங்க முகமே இல்ல சார்," என்றாள் பழைய படங்களைத் துலக்கும் வேலையில் இருந்த அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுது. மெதுவாப் பேசு," என்றார் முதலாளி, கதவைச் சாத்திக்கொண்டே.

திரையில் ஒரு மரக்கிடங்கு பற்றி எரிந்துகொண்டிருந்தது. நடுவே, குழந்தையை அணைத்தபடி கதாநாயகி ஓடிவருகிறாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் ஊரே அந்த நடிகையை 'நெருப்பு நாயகி' என்று கொண்டாடியது. டூப் போடாமல் தானே தீக்குள் இறங்கியதாக அவரும் பேட்டிக்குப் பேட்டி சொல்லியிருந்தார்.

பழைய கேசட்டிலும் டிவிடியிலும் அந்த இடம் ஒரே புகைமூட்டம். யாரும் சந்தேகப்பட வழியில்லை. இப்போது மூல நெகட்டிவையே ஸ்கேன் செய்து, தூசியையும் கீறலையும் துடைத்து, புது டிஸ்க்குக்காக அவள் படத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். மூக்கு வேறு, தாடை வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தவள் யாரோ ஒருத்தி.

"அடுத்த காட்சியில மேடம் முகம் நல்லா விழுந்திருக்கு. அதை எடுத்து இதுல ஒட்டிடு."

"அழுக்கைத் துடைக்கிறதுதான் சார் நம்ம வேலை. ஆளை மாத்துறது இல்ல."

"சரி, இந்த இடத்தை மட்டும் பழையபடி மங்கலா விட்டுடு."

"படம் முழுக்க நல்லாப் பாத்துட்டு வந்தவனுக்கு இங்க மட்டும் பார்வை போன மாதிரி இருக்கும் சார். நிறுத்தி நிறுத்திப் பாப்பான்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "மேடம் கீழே வந்தாச்சு. அவங்க சரின்னாத்தான் டிஸ்க் வெளியே போகும். இதைப் பாத்துட்டு அவங்க கோவிச்சுக்கிட்டு எழுந்து போனா, பின்னாடியே நீயும் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடு."

இந்த வேலை போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாரக்கணக்காக அந்த முகத்தோடுதான் குடித்தனம். கன்னத்தில் தெறித்த தீப்பொறிகளைத் தூசி என்று நினைத்து மென்பொருள் துடைத்துப்போட, அவள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பழைய இடத்தில் வைத்திருந்தாள். எந்தப் பொறிக்கு அந்தப் பெண் கண்ணை மூடினாள் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம்.

மேடம் வந்தார். விழாக்களில் பார்த்த அதே கோலம்: தலையையும் மோவாயையும் சுற்றிய பட்டுத் துணி, பாதி முகத்தை விழுங்கிய கறுப்புக் கண்ணாடி. முதலாளி புகழத் தொடங்கினார். மேடம் கையமர்த்தினார்.

"படத்தைப் போடுப்பா. உன் பேச்சைக் கேக்கவா படியேறி வந்தேன்?"

படம் ஓடியது. நெருப்புக் காட்சி வந்தது.

"நிறுத்து."

அவள் நிறுத்தினாள். மேடம் திரையைச் சுட்டினார்.

"யாரு இது?"

முதலாளி முந்திக்கொண்டார். "பழைய ஃபிலிம் இல்லியா மேடம்... இந்தப் பொண்ணு சரி பண்ணிடும். உங்க முகத்தையே வெச்சிடுவோம்."

"நீ கொஞ்சம் வெளியே இரு. நான் இவகிட்ட பேசிக்கறேன்."

அவர் அவளை முறைத்துக்கொண்டே போனார். கதவு மூடியதும் அவள் ஆரம்பித்தாள்.

"மேடம், நான் சொல்லிடறேன். அப்புறம் என்னை அனுப்பினாலும் பரவாயில்ல. இவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க. டைட்டில்ல பேர்கூட இல்ல. இந்த முகமாவது இருந்துட்டுப் போகட்டுமே."

"அவ உனக்கு என்ன அக்காவா, தங்கச்சியா?"

"யாருமில்ல மேடம். ஆனா எங்க வீட்டு ஆளுங்களைவிட இவங்களைத்தான் அதிகம் பாத்திருக்கேன்."

மேடம் திரைக்கு அருகே நாற்காலியை நகர்த்திக்கொண்டார். விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டார். "பொறியெல்லாம் அப்படியே இருக்கே. நல்லாத்தான் பண்ணியிருக்கே."

அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அழிச்சிடு," என்றார் மேடம்.

"மேடம்..."

"சொன்னதைச் செய். உன் முதலாளி எந்த முகத்தை வெக்கறேன்னானோ, அதையே வை."

அவளுக்குக் கண் கலங்கியது. "இவங்க எங்கேயாவது உயிரோட இருந்து, இந்தப் படத்தைப் பாத்தா என்ன நெனைப்பாங்க மேடம்? செய்ததுக்கு அடையாளமே இல்லாம அழிச்சிட்டாங்களேன்னு அவங்க வயிறு எரியாதா?"

வந்தவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றினாள், துணியை இறக்கிவிட்டாள். வாரக்கணக்காக அவள் பார்த்துப் பழகிய மூக்கும் தாடையும், சுருக்கம் விழுந்து, எதிரே இருந்தன.

"நெஜ மேடம் படுத்த படுக்கையாகி ரொம்ப நாளாச்சும்மா. விழா, மாலை, பேட்டி எல்லாத்துக்கும் அவங்க வேஷத்துல போயிட்டு வரது நான்தான்," என்றாள் கிழவி தணிந்த குரலில். "இந்த மூஞ்சியை இவ்வளவு தெளிவா எல்லார் வீட்டுக்கும் அனுப்பிட்டீன்னா, நாளைக்கு நான் எப்படி மேடை ஏறுவேன்?"