மெஷின் பொய் சொல்லாது

மூன்றாவது முறையும் திரையில் முந்நூற்றுப் பத்து என்றே வந்ததும், கார்லண்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

எழுபதாம் வருடத்து மசில் கார் அது, எஞ்சின் வலுவுக்கே பேர்போன அமெரிக்க ரகம். எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டவே அவனுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினின் உருளைகள்மேல் நின்ற இடத்திலேயே அலறித் தீர்த்த காரை, கடைக்காரன் லைல் அணைத்துவிட்டு இறங்கி, அளவு அச்சான சீட்டை நீட்டினான்.

"நானூறு குதிரைசக்தின்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்யா! நாளைக்குக் கார் கண்காட்சி. இந்தச் சீட்டை என் மச்சான் டுவைன் பாத்தான்னா, சாகுற வரைக்கும் என்னை ஓட்டுவான்!"

"நான் என்னங்க பண்றது? மெஷின் பொய் சொல்லாது."

"டயர்ல காத்து கம்மியோ?"

"அதையும் பாத்தாச்சு."

"அப்ப உன் மெஷின்தான் தண்டம்! டொலீடோவுல நீ ஒருத்தன்தான் கடை வெச்சிருக்கியா? ஆத்துக்கு அந்தப் பக்கம் நோரீன் கடைக்குப் போறேன். அங்க அளந்தவன் எவனும் அழுதுக்கிட்டு வந்ததில்ல."

"போங்க, எல்லாரும் அங்கயே போங்க. என் பொழப்பைக் கெடுக்கறதே அந்தக் கடைதான்" என்று லைல் முனகினான்.

கார் உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் போனை எடுத்தான்.

"நோரீன், பச்சைக் கார் ஒண்ணு வருது. ஆளு கொதிச்சுப் போயிருக்கான், நானூறு வேணுமாம். இங்க நாப்பது குறைச்சுக் காட்டி, அளந்த காசையும் வாங்கிட்டேன்; நீ அம்பது கூட்டிக் காட்டி உன் காசை வாங்கிடு. அப்புறம், வீட்டுக்கு வரும்போது பால் வாங்கிட்டு வந்துடும்மா, காலையிலயே தீந்துபோச்சு."