டிரம்மைக் கவிழ்த்தவள்

டிரம்மை நிமிர்த்திவிட்டாள். தண்ணீர்தான் திரும்பவில்லை.

அது வாசலைத் தாண்டி, தெருச் சரிவில் இறங்கி, சாக்கடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் மறித்துப் பார்த்தாள். விரலிடுக்கில் சேறுதான் நின்றது.

பின்னால் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் இரண்டும் கைதட்டின.

"சூப்பர்க்கா! புழு பூராம் காலி!"

"வாய மூடுங்கடா."

குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

டிரம்மின் வாயைக் கட்டியிருந்த பழைய வேட்டித்துணி காலடியில் கிடந்தது. அவள்தான் அவிழ்த்தாள். டார்ச் அடித்தாள். நாலைந்து கொசுப்புழு நெளிந்தது. அவ்வளவுதான், மூன்று பேருமாகப் பிடித்துச் சாய்த்துவிட்டார்கள்.

துணியைப் பார்த்த பிறகுதான் டீச்சர் சொன்னது முழுசாக ஞாபகம் வந்தது. சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு என்றால் கவிழ்த்துவிட வேண்டும். புழங்குகிற தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டி, டிரம்மைத் தேய்த்துக் கழுவி, திரும்ப ஊற்றி மூட வேண்டும்.

கவிழ்ப்பது வரைக்கும்தான் அவள் காதில் விழுந்திருந்தது.

அவள் பள்ளிக்கூடச் சுகாதாரக் குழுத் தலைவி. கையில் பச்சைப் பட்டை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளில் ஒரு புழுகூடச் சிக்கவில்லை. பக்கத்துத் தெருக் குழு நாலு வீட்டில் பிடித்துவிட்டதாம்.

குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகிறது. இனி எப்போது வரும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

கதவு திறந்தது.

முத்துமீனா.

ஒன்பதாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள். இது முத்துமீனாவின் வீடு என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இடுப்பில் சின்னத் தம்பி. கால்சட்டை இல்லை. வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. முத்துமீனா வீட்டிலும் உடுத்தியிருந்த யூனிபார்ம் பாவாடையில் மஞ்சளாக வழிந்திருந்தது. ஒரு கையை எதன் மேலும் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

வந்த வேகத்தில் மற்றக் கையால் தண்ணீர் மொள்ளுகிற மக்கை எடுத்து டிரம்முக்குள் விட்டாள்.

பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் உரசியது.

உள்ளே எட்டிப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.



மகளுக்குப் பின்னாலேயே மாரித்தாய் வந்தாள். அவள் ஏசட்டும் என்று தலைவி காத்திருந்தாள். ரெண்டு அடி அடித்தால்கூடத் தேவலை.

மாரித்தாயின் பார்வை பச்சைப் பட்டையில் போய் நின்றது. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"புழு கெடந்துச்சா தாயி? கட்டித்தான் வச்சிருந்தேன், எப்பிடி உள்ள போச்சுன்னே தெரியல. டீச்சர்ட்ட எங்க வீட்டப் பத்தி மட்டும் சொல்லிராத. முனிசிபாலிட்டில இருந்து வந்து தெருவே பாக்கச் சத்தம் போடுவாக. இவளுக்கு ஸ்கூல்ல அசிங்கமாப் போயிரும்."

அவள் தலையாட்டினாள்.



வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு குடம் பிடித்தாள். இடுப்பில் ஏற்றி வாசல்வரை போய்விட்டாள்.

"எங்கடி தூக்கிட்டுப் போற?" அடுப்படியிலிருந்து அம்மா.

சொல்ல ஆரம்பித்தால் முழுசையும் சொல்ல வேண்டும்.

"செடிக்கும்மா."

"ஆமா, மனுசனுக்கே இல்லயாம், செடிக்கு ஊத்தப் போறாளாம். கீழ வை."

வைத்தாள்.

ஏன் வைத்தாள்?

திங்கட்கிழமை பிரேயர்.

வரிசை வரிசையாக நடந்து நகம், தலை, யூனிபார்ம் பார்ப்பது தலைவியின் வேலை. சுத்தமில்லாதவர்கள் மேடைக்குப் பக்கத்தில் தனியாக நிற்க வேண்டும். போன வாரம் வரைக்கும் அவளுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் கடைசியில் முத்துமீனா. அலசாத தலை. பாவாடையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். கறை பெரிசாகப் பரவி இருந்தது. முன்னால் நின்ற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு அரை அடி தள்ளி நின்றது.

முத்துமீனா கைகளை நீட்டினாள், எல்லோரும் நீட்டுவது மாதிரி.

தலைவி பார்க்கவில்லை. கடந்து போனாள்.

"ஏய் தலைவி!" மேடையில் டீச்சர். "கடைசிப் பிள்ளய மட்டும் விட்டுட்டுப் போற? உன் ஃப்ரெண்டுன்னா ஊருக்கு ஒரு சட்டமா?"

மைதானம் சிரித்தது.

டீச்சர் இறங்கி வந்தார். முத்துமீனாவை மேலும் கீழும் பார்த்தார். மைக்கைத் தலைவியின் கையில் கொடுத்தார்.

"குளிக்கவே இல்ல போல. ஏன்னு கேளு. நான் கேக்கக் கூடாது, நீதான் தலைவி, நீதான் கேக்கணும். சத்தமா."

மைக் ஙொய்யென்று இரைந்தது.

நான்தான் டீச்சர். இவ வீட்டுத் தண்ணிய நான்தான் கொட்டினேன். இதைச் சொன்னால் போதும். 

சொன்னால், ஏன் கொட்டினாய் என்று டீச்சர் கேட்பார். புழு கிடந்தது என்று சொல்ல வேண்டும். மொத்தப் பள்ளிக்கூடமும் கேட்டுக்கொண்டிருக்கும்.

முத்துமீனா நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை. யாருக்கும் தெரியாமல், கொஞ்சமாக, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

எதை வேண்டாம் என்கிறாள்? ஏன் என்று கேட்பதையா, கொட்டியதைச் சொல்வதையா?