மண்டபத்தில் கேதப் பாட்டு

“எவன்டா அது, கல்யாண வீட்டுல கேதப் பாட்டைப் போட்டது?”

ஒத்தக்கடை மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அப்பா சிவசங்கரன் வேட்டியை மடித்துக் கட்டியபடி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

தாலி கட்டிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேளக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்பீக்கரில், பாடை தூக்கும்போது போடுகிற பாட்டு உருக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மைக்செட் கண்ணுச்சாமி பதறிப்போய் உள்ளே ஓடி லேப்டாப்பை நிறுத்தினார். அதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்துவிட்டது.

“அய்யா, தெரியாம நடந்துபோச்சுய்யா.”

“தெரியாமயா? எம்பொண்ணு கழுத்துல மஞ்சக்கயிறு ஈரம் காயல, அதுக்குள்ள எழவுப் பாட்டா? கட்டுய்யா மூட்டையை! இனிமே மேலூர்ல இருந்து மதுரை வரைக்கும் எந்த வீட்டுல உன்னைக் கூப்புடுறாங்கன்னு பாக்குறேன்!”

யாரும் தடுக்கவில்லை. கண்ணுச்சாமிக்காக யார் பேசுவார்கள்? தப்பு அவருடையதுதான்.

இருபது வருஷத் தொழில். அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டே ஃபோல்டர்கள். ஒன்றின் பெயர் ‘மங்களம்’, இன்னொன்றின் பெயர் ‘கேதம்’. நல்லது என்றால் முதலாவதைத் திறப்பார், சாவு என்றால் இரண்டாவதை. இதுவரை ஒரு பாட்டுகூட இடம் மாறியதில்லை.

போன வாரம் யாரோ சொன்னார்கள் என்று, பாட்டுகளை அடுக்கித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதில் என்னமோ கேட்டது. படித்துப் பார்க்காமல் ‘சரி’ என்று அமுக்கினார். ஆறாயிரம் பாட்டும் படம் வாரியாக வரிசைக்கு வந்து நின்றன. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே லேப்டாப்புக்கும் மாற்றிக்கொண்டார்.

ஒரே படத்தில் கல்யாணப் பாட்டும் இருக்கும், சாவுப் பாட்டும் இருக்கும் என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. தெரிந்த கண்ணுச்சாமிக்கு அது தோன்றவில்லை. பழக்கதோஷத்தில், பழைய ‘மங்களம்’ ஃபோல்டர் என்ற நினைப்பில் ஒரு கல்யாணப் பாட்டைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார். அது முடிந்ததும் அதே படத்தின் அடுத்த பாட்டு தானாக வந்துவிட்டது.

மேலூர் கடைக்குத் திரும்பியவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டாகப் பிடித்து இழுத்துப் பழைய ஃபோல்டர்களில் போட ஆரம்பித்தார்.

“சோறு ஆறுது. எந்திரிச்சு வாங்க” என்றாள் மனைவி தங்கப்பொண்ணு.

“எனக்கு வேணாம். தொழில் போனாப் போகுது புள்ள. அந்தப் பொண்ணு வாழ்க்கைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது. அம்புட்டுத்தான்.”

மூன்று மணி வாக்கில் தங்கப்பொண்ணு செல்போனும் கையுமாக மறுபடி வந்தாள்.

“என்னங்க, அந்தப் பொண்ணோட பெரியப்பா ஆஸ்பத்திரியில கிடந்தாராம்ல. மதியம் செத்துப்போயிட்டாராம். நீங்க போட்ட பாட்டுத்தான் ஆளைக் கொண்டுபோச்சுன்னு பேசிக்கிறாக.”

கண்ணுச்சாமி மவுஸை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐம்பது வயது மனுஷன் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துத் தங்கப்பொண்ணுக்கே பயமாகிவிட்டது.

“அங்க போகாதீங்க. அடிப்பாக.”

“அடிக்கட்டும்.”

மாலை ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

சிவசங்கரன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியவர் படுத்திருந்தார். காலையில் பட்டுச் சேலையில் பார்த்த பெண், புதுத் தாலியோடு ஓரமாக நின்று இவரையே பயத்தோடு பார்த்தாள்.

“வந்துட்டான் பாருங்க!” சிவசங்கரன் கத்தினார். “இவன் போட்ட பாட்டுத்தான் எங்கண்ணனைக் கொன்னுச்சு! நல்லா பேசிக்கிட்டு இருந்த மனுஷன்!”

ஒரு பெண் எழுந்து வந்து கண்ணுச்சாமியின் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. நெடுஞ்சாண்கிடையாகச் சிவசங்கரன் காலில் விழுந்தார்.

“மன்னிச்சிருங்கய்யா. நான் பாவிய்யா.”

சிவசங்கரன் காலை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். “வெளிய போகச் சொல்லுங்கப்பா இவனை.”

போடாத மாலையோடு கண்ணுச்சாமி தெருவுக்கு வந்தார். லோடு ஆட்டோ பக்கத்தில் முத்திருளன் நின்றுகொண்டிருந்தார். சாவு வீடுகளுக்குக் குளிர்பெட்டி வாடகைக்குக் கொடுப்பவர். எத்தனையோ கேத வீடுகளில் இருவரும் சேர்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

“என்ன மாப்ள, தலையெல்லாம் மண்ணு?”

“ஒரு உசுரைக் கொன்னுட்டேன் மாப்ள. காலையில தாலி கட்டுன கையோட கேதப் பாட்டைப் போட்டுத் தொலைச்சிட்டேன். அதுல போனவருதான் உள்ள கிடக்காரு. இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மைக்கைத் தொடுவேன்?”

முத்திருளன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரை ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“அழுகாத மாப்ள. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத. அவரு நேத்துச் சாயங்காலமே போயிட்டாரு. தாலி ஏறுற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, பக்கத்துத் தெருவுல பூட்டிக்கிடந்த வீட்டுல எம்பொட்டியைப் போடச் சொன்னாக. ராத்திரி பூராம் அதுலதான் இருந்தாரு.”

கண்ணுச்சாமி ஆட்டோ ஓரமாக எட்டிப் பந்தலைப் பார்த்தார்.

“தலைப்பக்கம் நான் பிடிச்சேன். கால்பக்கம் பிடிச்சுத் தூக்கி உள்ள வச்சதே, இப்ப உன்னைக் கொலைகாரன்னு சொன்னாரே, அந்தச் சிவசங்கரன் அய்யாதான்.”