வியாழன் கிரகத்து வங்கி

டிவியில் ஓடிய ஜப்பானிய அனிமே தொடரில், வியாழன் கிரகத்து வங்கியை ஆறு பேர் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஈர்ப்புவிசையை நிறுத்தினாள். ஒருவன் தன் கண்ணைக் கழற்றி வேறு கண்ணை மாட்டினான். தங்கக் கட்டிகள் மிதந்தபடி வெளியே வந்தன.

எல்வினுக்குப் பொறுக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வங்கியின் பாதுகாப்பு அதிகாரி அவன்.

"சுத்த ரீல், மாமா! வாசல்ல என்னை மாதிரி ஒருத்தன் நின்னா, ஒரு குண்டுமணி தங்கம் வெளிய போவுமா?" என்று நாற்காலிக் கையில் மோதிரத்தால் தட்டினான். கல்யாணத்தன்று மாமனார் வால்டர் போட்ட கனத்த மோதிரம்.

வால்டர், தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட் வாசலில் இருபது வருடம் காவலராக இருந்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வரும் ஒவ்வொருவனையும் சட்டை, டிபன் பாக்ஸ், வாய் வரைக்கும் சோதித்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

"கரெக்டு மாப்ள. இதுக்குப் போயி ஆறு பேரு, இத்தினி மிஷினு இன்னாத்துக்கு?"

"உங்ககிட்ட எவனாச்சும் தப்பிச்சிருப்பானா?"

"ஒருத்தனும் தப்பல."

எல்வின் பெருமையாகச் சிரித்தான். "ஆமா, டூட்டி முடிஞ்சி போறப்போ உங்கள யாரு மாமா செக் பண்ணுவாங்க?"

சமையலறையில் மாமியார் டெய்சி களுக்கென்று சிரித்தாள்.

வால்டர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மோதிரம் விரலுக்கு கரெக்டா கீதுல்ல, மாப்ள?"

மறுநாள் காலை பாதுகாப்பு அதிகாரி எல்வின், கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, தன் காவலாளியின் கண்ணில் படாமல் வங்கிக்குள் நுழைந்தான்.